ஒன்பதாம் மாடியில் மஞ்சளித்த இலைகள்

எங்கள் கட்டடத்தில் பொறாமை இலையில் தெரியத் தொடங்கியது ஒரு தை மாதத்து வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, ஒன்பதாம் மாடியில், என் படுக்கையறை மூலையில் நின்ற கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள், நாலு கஞ்சாச் செடிகளில் இரண்டாவதின் அடியிலையில். அந்த இலைக்கு உரிமைக்காரன் நான்தான். சொல்ல எனக்கு வெட்கமில்லை. பதினெட்டு மாடியிலும் ஆளுக்கொரு இலையாவது பிறகு பழுத்தது; என்னுடையது முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

கஞ்சா என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நானும் சுளித்தவன்தான். என் மனைவி கௌசலாவுக்குப் போன வருடம் வயிற்றில் கட்டி வந்து, அதை வெட்டி எடுத்து, நரம்பால் மருந்து ஏற்றி, முதல் சுற்று முடிந்தபோது அவள் நாக்கில் ருசி என்று ஒன்று மிச்சமில்லை. சோறு மண்ணாக இருக்கிறது, மீன் இரும்பாக இருக்கிறது, தண்ணீர்கூடக் கசக்கிறது என்றாள். நாற்பத்திரண்டு கிலோவுக்கு இறங்கினாள். நாற்பத்தாறுக்கு ஏறினால்தான் இரண்டாவது சுற்று தொடங்கலாம், பங்குனி முடிவதற்குள் தொடங்காவிட்டால் முதல் சுற்றும் வீண் என்று டொக்டர் சொன்னார். கௌசலா அதைக் கேட்டுவிட்டு, எனக்கு ஒரு ஆசையும் இல்லை, பட்டது போதும் என்று தமிழில் சொல்லி, அதை மொழிபெயர்க்கும்படி என்னைப் பார்த்தாள். நான் டொக்டரிடம், யோசித்துச் சொல்கிறாளாம் என்று மொழிபெயர்த்தேன்.

கஞ்சா எண்ணெய் சிலருக்குப் பசியைக் கிளப்பும், இந்த நாட்டில் அதற்குக் கடையே இருக்கிறது என்று சொன்னதும் அதே டொக்டர்தான். கடை இருக்கிறதுதான். ஸ்காபரோவில், எங்கள் பிளாசாவில், சீலைக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. அந்தப் பிளாசாவில் ஒரு தமிழன் தும்மினால் அன்றைக்கே பக்கத்து ஊரான மார்க்கம் வரை தெரிந்துவிடும். நான் முதல் நாள் போனபோது கோயில் செயலாளர் வாசலில் நின்றார்; கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டாம் நாள் என்னோடு இருபத்தாறு வருடம் கார் இருக்கைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவன் நின்றான், மறுபடியும் கொத்துரொட்டி. மூன்றாம் நாள் ஒருவரும் இல்லை, ஆனால் சீலைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பொம்மைகள் எல்லாம் என்னையே பார்த்தன. அதோடு விட்டேன். ஒரு வீட்டில் நாலு செடி வரை வளர்க்கலாம் என்று சட்டம் இருப்பது தெரிந்ததும், மானத்தைக் காப்பாற்ற நாலு விதையை நாலு சாடியில் ஊன்றி, ஊதா விளக்குக் கட்டிய அந்தக் கூடாரத்துக்குள் வைத்தேன்.

வாழ்க்கையில் ஒரு மிளகாய்க் கன்றுகூட நட்டவனில்லை நான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாதபடியால் ஒன்றை வளர்த்த பழக்கமும் இல்லை. ஆகவே விருந்தாளியைக் கவனிப்பதுபோலக் கவனித்தேன். காலையில் அரிசி கழுவிய தண்ணீர், மத்தியானம் மீன் கழுவிய தண்ணீர், பின்னேரம் தேயிலைச் சக்கை, இடையில் முட்டைக் கோது என்று செடிகளுக்கு ஊட்டினேன். கௌசலா சாப்பிடாததையெல்லாம் அவை சாப்பிட்டன என்றுகூடச் சொல்லலாம். தை பிறந்தபோது இலைகள் தொங்கின, மண்ணில் சின்னப் பூச்சிகள் பறந்தன, படுக்கையறை மீன்சந்தை போல நாறியது. அப்போதுதான் கௌசலா பதினாலாம் மாடிப் பரநிருபசிங்கத்தைக் கூப்பிடச் சொன்னாள்.

பரநிருபசிங்கம் வன்னியில் முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவர். மனைவி இறந்து தனியாக இருந்தார். உயரமானவர், நரைத்த மீசை, சேட்டுப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. கௌசலா அவரைப் பரமண்ணை என்பாள். அவர் கூடாரத்தைத் திறந்து, மூக்கைப் பொத்தாமல், விரலை இரண்டாவது மடிப்பு வரை மண்ணுக்குள் விட்டார். "சபாலிங்கம், செடிக்கு விருந்து வைக்காதையும்," என்றார். "அதின்ர வேர் மூச்சு விடட்டும்."

பிறகு பாடம் நடத்தினார். அடியிலை பழுத்தால் செடிக்கு வெகுநாள் பசி. நுனியிலை பழுத்தால் கோளாறு புதிது. ஓரம் கருகினால் தீனி கூடிவிட்டது. நரம்பு பச்சையாக இருக்க நடுப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மண்ணில் ஏதோ ஒரு சத்து இருந்தும் வேருக்கு எட்டவில்லை. விளக்கு பக்கத்தில் இருந்தால் மேலே வெளிறும், தண்ணீர் கூடினால் முழுச் செடியும் சோரும். எல்லாவற்றையும் அவர் மெல்லிய குரலில், ஒரு நோயாளியின் தலைமாட்டில் பேசுகிற மாதிரிச் சொன்னார். மீன் தண்ணீரை நிறுத்தினேன், விளக்கை ஒரு முழம் உயர்த்தினேன், மண்ணை மாற்றினேன். செடிகள் நிமிர்ந்தன. எனக்கும் அவர்மேல் மரியாதை வந்தது, ஒரு வாரம் இருந்தது.

அந்த வியாழக்கிழமை அவர் செடியைப் பார்த்து முடித்து, கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, வன்னியில் ஒரு கமக்காரன் தன் எருமைக்கும் சேர்த்து உரமானியம் கேட்டு விண்ணப்பம் எழுதிய கதையைச் சொன்னார். எருமையின் தொழில் என்ற இடத்தில் அவன் என்ன எழுதினான் என்று சொன்னபோது கௌசலா சிரித்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் ஆறிக் கிடந்த தட்டை இழுத்து ஓர் இடியப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டு, மற்றதையும் போட்டு, சொதியையும் குடித்தாள். ஐந்து மாதமாக நான் கெஞ்சி, பேசி, அழுது, குழந்தைக்குப்போல் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. இவர் ஓர் எருமையை வைத்து இரண்டு இடியப்பம் ஊட்டிவிட்டார். என் வயிறு எரிந்தது. எரிந்த அந்தக் கணத்தில், திறந்திருந்த கூடாரத்துக்குள், என்னைப் பார்த்து நின்ற அடியிலை ஒன்று நுனியிலிருந்து காம்பு வரை, ஒரு மிடறு தேநீர் குடிக்கிற நேரத்துக்குள், மஞ்சளாகியது.

நான் அதைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

அதன்பிறகு அவர் வரும் ஒவ்வொரு நாளும் ஓர் இலை. அவர் வராவிட்டால் அவள் சாப்பிடமாட்டாள், வந்தால் என் செடி பழுக்கும். பரமண்ணை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குழம்பினார். மண் சரி, தண்ணீர் சரி, வெளிச்சம் சரி, பூச்சி இல்லை, ஆனாலும் அடியிலை பழுக்கிறதே என்று புத்தகங்களைப் புரட்டினார். எனக்குக் காரணம் தெரியும். சொல்லவில்லை. ஒரு நோயை ஆராய்கிற வைத்தியரிடம் நீதான் கிருமி என்று எப்படிச் சொல்வது?

ஆறாம் மாடிப் பத்மராணிதான் இது நாவூறு, கண்பட்டுவிட்டது என்று முடிவு கட்டியவள். பத்மராணி கௌசலாவின் நெருங்கிய சிநேகிதி. வாரம் மூன்று முறை வருவாள். ஆவணியில் மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தாள். ஒரு பின்னேரம் அவள் செத்தல் மிளகாயும் உப்பும் கடுகும் எடுத்து நாலு செடிக்கும் மூன்று முறை சுற்றி, எங்கள் குசினி அடுப்பில் தாச்சியைச் சூடாக்கி அதில் போட்டாள். இந்த நாட்டுக் கட்டடங்களுக்கு நாவூறு தெரியாது. கூரையில் இருந்த புகைமணி அலற, அதைக் கேட்டு மாடி முழுக்க அலற, கட்டடமே அலற, பதினெட்டு மாடிச் சனமும் இருமிக்கொண்டு, போர்வையும் செருப்புமாக, உறைபனி கொட்டிய கார்த் தரிப்பிடத்தில் முக்கால் மணித்தியாலம் நின்றது. தீயணைக்க வந்தவர்கள் என்னையும் பத்மராணியையும் கூட்டிக்கொண்டு கோடாலியோடு எங்கள் வீட்டுக்குள் போனார்கள். அவர்களில் ஒரு வெள்ளைக்கார இளைஞன் கூடாரத்தைத் திறந்து பார்த்து, நாலுதானே, பிரச்சினையில்லை என்று சொல்லிவிட்டு, தன்னைவிட வயது குறைந்த தன் தலைவனைத் திரும்பிப் பார்த்தபோது ஓர் இலை பழுத்தது. பத்மராணி அதைக் கண்ணால் கண்டாள். பிறகு என்ன, லிப்ற் மேலே போய்ச் சேருமுன் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கஞ்சா வளர்த்ததற்காக ஊர் என்னைக் காறித் துப்பும் என்று பயந்திருந்தேன். ஊர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்கு வேறு வேலை இருந்தது. மறுநாள் காலையிலேயே கதவடியில் ஆட்கள். கைநிறையச் சாப்பாட்டுப் பெட்டிகள், ஒடியற்கூழ், கத்தரிக்காய்க் குழம்பு, புட்டு, பாற்சோறு. கௌசலாவைப் பார்க்க வந்தோம் என்றார்கள், கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூடாரத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். ஒருவர் நிற்க ஓர் இலை பழுக்கும். பழுக்கும்போது உரியவரின் வயிற்றில் ஒரு சூடு ஓடும். அதை வைத்து எது யாருடையது என்று சண்டையில்லாமல் தெரியும். பரமண்ணையின் பாடத்தை அவர்கள் எப்படியோ அறிந்து அதையே மாற்றி எழுதிக்கொண்டார்கள். அடியிலை என்றால் பழைய பொறாமை, ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தது. நுனியிலை என்றால் புதிது, இந்தக் கிழமை பிடித்தது. ஓரம் கருகினால் அடுத்தவர் வீட்டின்மேல். நரம்பு பச்சையாக நடு மஞ்சளித்தால் கூடப்பிறந்தவர்மேல், ஏனென்றால் பாசமும் இருக்கிறது, எட்டவில்லை.

பன்னிரண்டாம் மாடியில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் எதிரெதிர் வீடுகளில் பதினொரு வருடம் பேசாமல் இருந்தார்கள். ஒருவர் வெளியே வந்தால் மற்றவர் கதவைச் சாத்துவார். இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள்; ஒரே கணுவில் இரண்டு இலை, நரம்பு பச்சை, நடு மஞ்சள். இரண்டு பேரும் மற்றவரைத்தான் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆளுக்கொன்றைப் பிடுங்கி, கடதாசியில் சுற்றிக்கொண்டு, ஒரே லிப்றில் ஏறினார்கள். நாலாம் மாடிப் பிலிப்பீன்ஸ் தாதி தன் இலையைத் தன் வேதப்புத்தகத்துக்குள் வைத்தாள். சிலர் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார்கள். சம்பந்தம் பேச வந்தவர்கள் மாப்பிள்ளையின் தாயைக் கொண்டுவந்து ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்த்தார்கள். லிப்றில் குளிரைப் பற்றிப் பேசுகிறதை விட்டு, இலை எப்படி என்று கேட்கும் வழக்கம் வந்தது. அடியிலை ஒன்று, ஓரம் கொஞ்சம் என்று பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லோருடைய கையிலும் இலை இருந்தது.

பரமண்ணையைத் தவிர. அவர் மணிக்கணக்காக நின்றும் ஒரு நுனிகூட வெளிறவில்லை. மனுசன் பொறாமையே இல்லாதவராம். கட்டடம் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. கௌசலா என்னிடமே, அவரைப்போல ஒரு சுத்தமான மனுசரைக் கண்டீங்களா என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கு மட்டும் மூன்று இலை.

கௌசலாவுக்கும் ஓர் இலை பழுத்ததில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை, நான்கூட. கட்டிலில் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருக்கிற ஒருத்திக்கு யார்மேல் என்ன பொறாமை வரும்? மாசி பிறந்தபோது அவள் நாற்பத்துமூன்று கிலோ. எல்லோரும் அவளுக்கு முன்னால் கதைத்தார்கள், அவளோடு கதைக்கவில்லை. பத்மராணியின் மகளின் கலியாணத்துக்குக் கட்டடமே தயாராகியது. பெண்கள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கைபேசியில் சீலைப் படங்களைக் காட்டி, உனக்கு மயில்கழுத்து, எனக்கு அரக்கு என்று பேசி முடித்து, கௌசலாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள்.

இவ்வளவு பேரின் வயிற்றெரிச்சலை நாலு செடி எத்தனை நாள் தாங்கும்? மாசி நடுவில் முதலாவது செடி மொட்டையாகியது. அடுத்த கிழமை மூன்றாவது, அதற்கடுத்து நாலாவது. இரண்டாவது மட்டும், என் இலை முதலில் பழுத்த அதே செடி, ஒரு முழம் உயரத்தில், பதினேழு இலையோடு நின்றது. அது பூத்தால்தான் எண்ணெய், எண்ணெய் கிடைத்தால்தான் பசி, பசித்தால்தான் நாற்பத்தாறு. நான் வீட்டுக் கதவில் கடதாசி ஒட்டினேன், இனி ஒருவரும் வரவேண்டாம் என்று. சனம் முணுமுணுத்தது, ஆனால் கேட்டது. பத்மராணியைக்கூட வாசலிலேயே நிறுத்தி அனுப்பினேன்.

கதவை அடைத்து மூன்றாம் நாள் இன்னும் இரண்டு இலை போயிற்று. பரமண்ணை என்னை விறாந்தைக்குக் கூட்டிப்போய், லிப்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பிழை வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது, வெளியில் இல்லை என்றார். அவர் கண்ணைப் பார்க்காமல், எனக்குத் தெரியும் என்றேன். யார்மேல் எரிச்சல் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு நாளும் எருமைக் கதையை நிறுத்தவில்லை, ஏனென்றால் அவள் சாப்பிட்டாள். அதை நினைத்ததும் உள்ளே கூடாரத்தில் இன்னொன்று பழுத்திருக்கும்.

அன்றைக்கே ஒரு பையில் இரண்டு சேட்டும் மருந்தும் போட்டுக்கொண்டு மார்க்கத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனேன். கௌசலாவிடம் தங்கைக்கு முழங்கால் நோ, உதவிக்குக் கூப்பிடுகிறாள் என்றேன். வீட்டுத் திறப்பைப் பரமண்ணையின் கையில் கொடுத்தேன். யோசித்துப் பாருங்கள்: யாரால் என் வயிறு எரிகிறதோ அவரிடமே என் மனைவியையும், செடியையும், திறப்பையும் கொடுத்துவிட்டு, பனியில் வழுக்கி வழுக்கிப் பஸ்ஸுக்கு நடந்தேன். தங்கை வீட்டு யன்னலில் அவள் செல்லமாக வளர்த்த கறிவேப்பிலைக் கன்று ஒன்று நின்றது. பயந்து அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசினேன். முதலாம் நாள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். அரைப் புட்டு என்றார். வலித்தது. இலை எப்படி என்றேன். ஒன்று பழுத்திருக்கிறது, போகும்போது உம்மட வயிறு எரிந்ததின் மிச்சமாயிருக்கும் என்றார். மூன்றாம் நாள் இன்னொன்று. ஐந்தாம் நாள் இன்னொன்று. எனக்குள் ஓர் அற்பச் சந்தோசம் வந்தது. சுத்தமான மனுசனின் வேசம் கலைந்துவிட்டது என்று நினைத்தேன். நீங்களும் போகாமல் இருந்து பாருங்கள் அண்ணை என்றேன். அவர் சாப்பாட்டைக் கதவடியில் பத்மராணியிடம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் உள்ளே போகாமல் இருந்தார். பத்மராணியும் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுக் கூடாரத்தின் பக்கம் திரும்பாமல் வந்தாள்.

எட்டாம் நாள் அவர்தான் என்னைக் கூப்பிட்டார். "சபா, நான் இப்பதான் போய்ப் பாத்தனான். இன்னும் ரெண்டு," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஆனா இது உம்மட இலை இல்லை. உம்மட எல்லாம் அடியிலை. நீர் போனாப்பிறகு பழுத்ததெல்லாம் நுனி, இப்பதான் பிடிபட்டது. இது ரெண்டும் முந்தநாள் விரிஞ்ச தளிர்."

நுனியென்றால் புதிது. வீட்டில் நானில்லை, அவரில்லை, ஊரில்லை. போனைக் கையில் வைத்தபடியே நான் சப்பாத்தைப் போட்டேன்.

நான் வந்தபோது கௌசலா கட்டிலில் இல்லை. கூடாரத்தின் வாயைத் திறந்து, அதற்கு முன்னால் தரையில், சால்வையால் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊதா வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. பரமண்ணை வாசலோடு நின்றுவிட்டார்; பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். நுனியில் இரண்டு தளிரும் எலுமிச்சம்பழ நிறத்தில் நின்றன.

"இது ஆரின்ர இலை?" என்று கேட்டேன்.

"என்ர," என்றாள்.

"ஆரில எரிச்சல்?"

சால்வையை இழுத்துப் போர்த்தாள். பிறகு, வாய்க்குள் வைத்திருந்ததைத் துப்புவதுபோலச் சொன்னாள். "எல்லாரிலையும். உங்களில. வாற மாரிக்கும் நீங்கள் பனியைத் திட்டிக்கொண்டு சப்பாத்துப் போடுவீங்கள் எண்டதில. எட்டு நாளா நீங்களும் இல்லாம இதை யோசிச்சு யோசிச்சு வயிறு பத்துது. எல்லாரும் ஆவணிக் கலியாணத்துக்குச் சீலை எடுக்கினம். என்ர கட்டிலில இருந்துதான் நிறம் கதைக்கினம். கௌசலா, உனக்கென்ன நிறம் எண்டு ஒரு நாய் என்னட்டைக் கேக்கேல்லை."

இருபத்தொன்பது வருடமாக இவளைச் சுற்றியிருந்த ஒவ்வொருவர்மேலும் பொறாமைப்பட்டவன் நான். அந்த வித்தையில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வேண்டாம் என்கிறவருக்கு வயிறு எரியாது. ஆசை இல்லாத இடத்தில் ஓர் இலையும் பழுக்காது. இதை என்னைவிட நன்றாக அறிந்தவன் பதினெட்டு மாடியிலும் இல்லை.

"டொக்டரிட்டை ஒரு ஆசையும் இல்லை எண்டனீர்," என்றேன்.

"பொய் சொன்னனான்."

அழுகை வந்தது. அதை அவள் பார்க்காமல் இருக்கச் செடியைப் பார்த்துக் கேட்டேன். "சரி, என்ன நிறம் வேணும் உமக்கு?"

"மஞ்சளைத் தவிர என்னவும்," என்றாள் கௌசலா. பிறகு, குழம்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். பத்மராணி வைத்துவிட்டுப் போன கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது. அது இன்னும் மண்ணாகத்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, முகத்தைச் சுளித்துச் சுளித்து, ஒரு கோப்பைச் சோற்றைச் சாப்பிட்டாள். எருமையும் இல்லை, பரமண்ணையும் இல்லை, நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

அந்தச் செடி பூக்கும்வரை காத்திருக்க நேரமில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அடுத்த நாள் அவளைக் கைபிடித்து, பிளாசாவுக்குக் கூட்டிப்போனேன். அவளைச் சீலைக் கடையில் இருத்திவிட்டு, பொம்மைகள் பார்க்க, கொத்துரொட்டிக் கடையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, நடு வாசலால் கஞ்சாக் கடைக்குள் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் கோயில் செயலாளர் நின்றார். முழங்காலுக்கு என்றார். மனைவிக்கு என்றேன். இலை எப்படி என்று கேட்டார். நுனியில் இரண்டு என்று பெருமையாகச் சொன்னேன்.

எண்ணெய் உதவியதா, ஆத்திரம் உதவியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கதவில் ஒட்டிய கடதாசியைக் கிழித்தேன், பெண்கள் திரும்பவும் வந்தார்கள். கௌசலா அவர்களுடைய கைபேசியைப் பிடுங்கி, இந்தக் கரை உனக்கு எடுக்காது, வேறு பார் என்று சண்டை பிடித்தாள். சண்டைக்கு நடுவில் சாப்பிட்டாள். பங்குனி இருபத்தெட்டாம் நாள் சப்பாத்தைக் கழற்றாமல் தராசில் ஏறினாள். நாற்பத்தாறும் கொஞ்சமும் காட்டியது. டொக்டர் சப்பாத்தைப் பார்த்தார், பார்க்காத மாதிரி எழுதினார். இந்த முறை கௌசலா பேசியதை நான் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

இரண்டாவது சுற்று முதலாவதைவிடக் கொடியது. சில நாட்கள் அவள் என்னோடும் பேசவில்லை, எல்லோரையும் போகச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அந்த நாட்களில் காலையில் எழும்பியதும் நான் சாமியறைக்குப் போகவில்லை. கூடாரத்தைத் திறந்து நுனியைப் பார்த்தேன். பச்சையாக இருந்தால் எனக்குக் கைகால் ஓடாது. பத்மராணியைக் கூப்பிட்டு, வா, வந்து அவளுக்கு முன்னால் கலியாண மண்டபத்தைப் பற்றிக் கதை, உன் நகையைக் காட்டு, பெருமையடி என்று கெஞ்சுவேன். பத்மராணி நல்லவள், வந்து மனச்சாட்சி இல்லாமல் பெருமையடிப்பாள். மத்தியானத்துக்குள் ஒரு தளிர் மஞ்சளிக்கும். அதைக் கண்ட பிறகுதான் நான் பல் துலக்கினேன். கீழே என்னுடைய இலைகளும் பரமண்ணை வரும் நாட்களில் பழுத்துக்கொண்டே இருந்தன. அதை மாற்ற முடியவில்லை. நான் முயலவும் இல்லை.

செடியை நான் வெட்டவில்லை. பூக்கவும் விடவில்லை. அது கூரையைத் தொட்டு வளைந்து நின்றது.

ஆவணிக் கலியாணத்துக்குக் கௌசலா கத்தரிப்பூ நிறச் சீலை கட்டி, தலையில் அதே நிறத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஐம்பது கிலோ. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மண்டபத்தில் இரண்டு முறை சாப்பிட்டாள். பரமண்ணையோடு பத்து நிமிடம் நின்று சிரித்தாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒரே புலம்பல்: பத்மராணி ரகசியமாக இந்தியாவிலிருந்து சீலை எடுத்திருக்கிறாள், தன்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை, அந்தக் கரைக்குப் பக்கத்தில் தன்னுடையது சாக்கு மாதிரி இருந்தது, படத்தில் எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள், இப்படி ஒரு சிநேகிதியா என்று. லிப்றிலும் நிறுத்தவில்லை. சீலையைக் கழற்றும்போதும் நிறுத்தவில்லை.

நான் கூடாரத்தைத் திறந்தேன். நுனியிலிருந்து பாதி வரை, ஒரு கிளை விடாமல், செடி முழுக்க மஞ்சள். கௌசலா பின்னால் வந்து எட்டிப் பார்த்து, ஐயோ இதென்ன கோலம், பரமண்ணையைக் கூப்பிடுங்கோ என்றாள். கூப்பிடத் தேவையில்லை, செடிக்கு ஒன்றுமில்லை, நல்ல சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நான் அதற்கு ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன்.